நேரில் எடை பார்த்துச் சரிபார்த்தேன்

பிப்ரவரி 9

தராசு,

அந்தப் பெயரில் கூப்பிடாதீர்கள் என்று எட்டு வருஷமாகச் சொல்கிறாய். ஜெயிலுக்கு வந்தும் எனக்குப் புத்தி வரவில்லை. ஐம்பது கிராம் குறைந்தாலும் தீயணைப்பு சிலிண்டரைக் கவிழ்த்துக் கொட்டி மறுபடி நிரப்புகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். இங்கே வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாவற்றையும் ஒரு அதிகாரி படித்துவிட்டு ஊதா முத்திரை குத்துகிறார். என்னைத் திட்டுவதாக இருந்தால் நல்ல தமிழில் திட்டு. பாவம், அவருக்கும் பொழுது போகட்டும்.

அறையில் பதினொரு பேர் இருக்கிறோம். ஜன்னல் ஒன்றுதான், அதற்குக் கீழே இடம் பிடிக்கக் காலையிலேயே தள்ளுமுள்ளு. நான் அந்தச் சண்டைக்குப் போவதில்லை. நான் போகாத சண்டை ஒன்று உலகத்தில் உண்டென்று சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

குட்டிக்குச் செவ்வாய்க்கிழமை பல் டாக்டரிடம் போக வேண்டும். கம்பியை இறுக்குவார்கள், அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள், என் மகள் ஆயிற்றே. கணக்கு வீட்டுப்பாடத்தை மட்டும் நீ போட்டுக் கொடுத்துவிடாதே. நீ எழுதினால் டீச்சர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். பதினொரு வயசுப் பிள்ளை அவ்வளவு சுத்தமாக எழுதாது.

நடந்ததை வரிசையாக எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார் வக்கீல். எழுதுகிறேன். ஜனவரி 17 அன்று சாயங்காலம் மாணவியர் விடுதிக்கு ஆறு தீயணைப்பு சிலிண்டர்கள் நம் கடையிலிருந்து போயின. எல்லாவற்றிலும் அட்டை கட்டியிருந்தது. அட்டையில் "நேரில் எடை பார்த்துச் சரிபார்த்தேன்" என்ற அச்சுக்குக் கீழே என் கையெழுத்து இருந்தது. மறுநாள் விடுதி அடுப்படியில் எண்ணெய் தீப்பிடித்தது. அங்கே மாட்டியிருந்த இரண்டும் அழுத்தினால் ஒன்றும் வரவில்லை. இரண்டிலும் பாதிப் பொடிதான் இருந்தது, பொடியை வெளியே தள்ளுகிற வாயுக்குப்பி போடவே இல்லை. சமையல்காரம்மா பதினொன்றாம் நாள் இறந்துபோனார். அதிலிருந்து நான்காம் நாள் என்னை வந்து கூட்டிப்போனார்கள்.

வரிசையாக எழுதினால் நடுவில் ஓர் ஓட்டை தெரிகிறது. நிரப்பி முடிக்காத சிலிண்டரில் நீ ஏன் அட்டையைக் கட்டினாய்?

அண்ணி

*

பிப்ரவரி 14

அண்ணிக்கு,

குட்டியின் பல் கம்பியை இறுக்கியாயிற்று. அழவில்லை. வீட்டுப்பாடத்தை அவளேதான் போடுகிறாள், தப்பும் தவறுமாக.

உங்கள் கேள்விக்குப் பதில். பழைய பெயின்டைச் சுரண்டினால் எது யாருடைய சிலிண்டர் என்று தெரியாது. அதனால் சுரண்டும் முன்பே அட்டையைக் கட்டிவிடுவேன். எட்டு வருஷமாக அப்படித்தான் கட்டுகிறேன். எடை பார்த்து முடித்ததும் அட்டையின் மூலையில் பென்சிலால் தேதி போடுவேன். தேதி இருந்தால் முடிந்தது, இல்லாவிட்டால் முடியவில்லை. இது உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று நீங்கள் போலீஸில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

அன்றைக்கு நான்கில் தேதி போட்டிருந்தேன். மூட்டையில் பொடி தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்ததை மற்ற இரண்டிலும் பாதிப் பாதி போட்டு, சரக்கு வரட்டும் என்று ஓரமாக வைத்தேன். அந்த இரண்டில் தேதி இல்லை.

இப்போது நான் கேட்கிறேன். திங்கட்கிழமை காலையில் டீ குடித்துக்கொண்டே நூறு அட்டையில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டு, ரப்பர் பேண்டு மாட்டி, என் பெஞ்சில் வீசுவீர்களே, அப்போது அதில் எந்த சிலிண்டரை நேரில் எடை பார்த்தீர்கள்? லைசென்ஸ் உங்கள் பெயரில் இருக்கிறது. தராசு என் கையில் இருக்கிறது. இதை நான் ஒரு நாள் சொன்னேன். "அச்சடிச்ச வரியை எல்லாம் யாரு படிக்கிறா, போய் வேலையப் பாரு"ன்னு விரட்டினீர்கள்.

வேன் வந்தபோது நான் பின்பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தேன். குழாயைத் திறந்துவிட்டிருந்ததால் ஒன்றும் காதில் விழவில்லை. வந்து பார்த்தபோது ஆறும் இல்லை. இதையேதான் போலீஸிடமும் சொன்னேன்.

உங்களிடம் ஏன் கேட்கவில்லை என்று அவர்கள் கேட்டார்கள். நாங்கள் இரண்டு நாளாகப் பேசவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார்கள். குடும்ப விஷயம் என்று சொல்லிவிட்டேன். அந்தத் திங்கட்கிழமை வேன்காரர் முன்னாலேயே, "இவ எடை போட்டு முடிக்கறதுக்குள்ள தீயே அணைஞ்சு போயிடும்"ன்னு சொல்லிச் சிரித்தீர்களே, அதை எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை சமையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். யார் என்று சொல்லித்தான் உள்ளே போனேன். மகள் கதவைச் சாத்தவில்லை, சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒற்றை அறை. அலமாரியில் அவருடைய மூக்குக்கண்ணாடி மடித்தபடி இருந்தது. அந்தப் பெண் கேட்டாள், "மொத சிலிண்டர் வேலை செய்யலன்னதும் அம்மா ஓடியிருக்கலாம்ல? எதுக்கு ரெண்டாவதை எடுத்தாங்க?" அவளே சொன்னாள். "அட்டை கட்டியிருந்துச்சு. போன மாசம்தான் சரிபார்த்ததுன்னா வேலை செய்யும்னு நம்பியிருப்பாங்க."

போன மாசம் இல்லை, முந்தின நாள் என்று சொல்ல வாய் வரவில்லை.

தராசு

*

பிப்ரவரி 22

தராசு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோபத்தில் ஒரு தடவை, அழுதுகொண்டு ஒரு தடவை. மூன்றாவது தடவை படிக்கும்போது, நீ எழுதியது எல்லாம் சரி என்று தெரிந்தது. சரியாக இருப்பதுதான் உன்னிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

பென்சில் தேதி எனக்குத் தெரியும். போலீஸில் தெரியாது என்று சொன்னது பயத்தில். மன்னித்துக்கொள் என்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன், பார்.

வக்கீல் வந்தார். சின்ன வயசு, பெரிய பை. சட்டத்தில் எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று இரண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார். "வீட்ல பேசற அர்த்தத்தை மறந்துடுங்கம்மா. கோர்ட்ல இந்த அர்த்தம்தான்." சுளுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாற்பத்தொரு வருஷம் பேசிய பேச்சை நான் எங்கே கொண்டுபோய் மறப்பது?

நேர்மை இல்லாமல் நடந்தாய் என்றால் என்ன? ஒருவருக்கு நியாயமில்லாத லாபமோ இன்னொருவருக்கு நியாயமில்லாத நட்டமோ வர வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்வது என்று போட்டிருக்கிறது. படித்ததும் குதிக்காத குறை. எனக்கு அப்படி எண்ணம் இல்லையே! அப்படியானால் நான் நேர்மையானவள்தானே என்று கேட்டேன். வக்கீல் என்னைப் பார்த்த பார்வை, குட்டி தப்பான விடையைக் கத்திச் சொல்லும்போது நாம் பார்ப்போமே, அந்தப் பார்வை. "நேர்மை இல்லாதவங்கன்னு நிரூபிக்க முடியாதுங்கறதும் நீங்க நேர்மையா நடந்தீங்கங்கறதும் வேற வேறம்மா"ன்னார்.

அடுத்தது நல்லெண்ணம். நாம் என்ன சொல்வோம்? மனசில் கெட்டது இல்லாவிட்டால் அது நல்லெண்ணம். இந்தத் தாளில் அப்படி இல்லை. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதையும் நல்லெண்ணத்தோடு செய்ததாகச் சொல்ல முடியாதாம். மனசு எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் செல்லாது. திங்கட்கிழமை டீயோடு நூறு அட்டை போட்டவளுக்கு இந்தச் சொல் கிடைக்காது.

பக்கத்துப் பாய்க்காரி, அவள் சீட்டுப் பிடித்து உள்ளே வந்தவள், இதைக் கேட்டுச் சிரித்தாள். "எனக்கு நேர்மை இல்லை, உனக்கு நல்லெண்ணம் இல்லை, ரெண்டு பேரும் ஒரே பாயில படுத்துக்கலாம்"ன்னு இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். இங்கே வந்தபிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

ஆனால் வக்கீல் ஒரு வழி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். லைசென்ஸ்காரர் எல்லாவற்றையும் தானே எடை போட முடியாது. எட்டு வருஷம் ஒரு கிராம் பிசகாத ஆள் எடை பார்த்தார், முடிந்துவிட்டது என்று அவர் வாயால் சொன்னார், அதை நம்பி அனுப்பினேன் என்றால் அதை உரிய கவனம் என்று வாதாடிப் பார்க்கலாமாம். அந்த ஆள் நீ. நீ சொன்னதாக நான் சொல்ல வேண்டும். சொன்னேன் என்று நீயும் ஒப்புக்கொண்டால் இன்னும் நல்லதாம்.

யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். உடனே முடியாது என்று சொல்லவில்லை. இது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அண்ணி

*

மார்ச் 2

அண்ணிக்கு,

குட்டி நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். என்ன என்று சொல்ல மாட்டேன் என்கிறாள். தினமும் சாயங்காலம் கடை ஷட்டரில் போலீஸ் ஒட்டியிருக்கும் சீல் காகிதத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். தொடாதே என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். நேற்று சாப்பிடும்போது, "அத்தை, நீயும் போயிடுவியா?" என்றாள். மாட்டேன் என்றேன். இப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை.

வேன்காரர் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. வேன் ஏற்றும்போது நடந்த ஒன்றைச் சொன்னார். அதைப் போலீஸிடம் சொல்லவில்லை, கேட்டால் ஒழியச் சொல்ல மாட்டேன் என்றார். "எனக்கும் பொண்ணு இருக்கும்மா"ன்னு சொல்லிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டார். அவர் சொன்னதை நான் இங்கே எழுத மாட்டேன். நீங்களும் எழுதாதீர்கள். இந்தக் கடிதத்தை நம் இருவரைத் தவிர இன்னொருவரும் படிக்கிறார்.

9ஆம் தேதி வெள்ளிக்கிழமை என்னை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை மாஜிஸ்திரேட் முன்னால் நான் சொல்வதை எழுதி, சத்தியத்தின் பேரில் கையெழுத்து வாங்குவார்களாம். உங்கள் வக்கீலிடம் பேசினேன். என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்குக் கிடைக்காது என்று எழுதியிருந்தீர்களே, அந்தச் சொல்லை வாங்கித் தருவதற்கு வேண்டியது என்னிடம் இருக்கிறது.

நான் தனி ஆள். குட்டிக்கு அம்மா வேண்டும். அண்ணன் போனபிறகு அந்தப் பிள்ளைக்கு மிச்சம் நீங்கள்தான். கூட்டிக் கழித்தால் எடை எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிகிறது.

தராசு

*

மார்ச் 6

அடியே,

நீ என்ன சொல்லப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். ஆறும் முடிந்தது, எடுத்துப் போகலாம் என்று என்னிடம் சொன்னதாகச் சொல்லப் போகிறாய். நீ சொல்லவில்லை. இரண்டு நாளாக நீ என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சத்தியம் செய்து பொய் சொன்னால் அதற்கும் அந்தத் தாளில் ஒரு பொருள் இருக்கிறது, வருஷக் கணக்கும் இருக்கிறது. நீ உள்ளே வந்தால் குட்டியை யார் பார்ப்பது? உன் தராசில் அதை வைக்க மறந்துவிட்டாய்.

அதனால் நீ எழுதாதே என்றதை நான் எழுதுகிறேன். முத்திரை குத்துகிறவர் படிக்கட்டும். அவர் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஜனவரி 17 சாயங்காலம் நாலே முக்கால். விடுதி ஒப்பந்தத்தில் ஐந்து மணிக்குள் சேர வேண்டும் என்று இருந்தது. தாமதமானால் அடுத்த வருஷம் வேறு கடைக்குக் கொடுத்துவிடுவோம் என்று விடுதி மேலாளர் காலையிலேயே போன் செய்திருந்தார். வேன்காரர் நான்கை ஏற்றினார். நான் ஐந்தாவதைத் தூக்கினேன். ஒரு கையாலேயே வந்தது. எட்டு வருஷமாக அந்த சிலிண்டர்களை நகர்த்தியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிகிறவள் நான். அதன் எடை என் இடுப்புக்குத் தெரியும்.

அப்போது நான் வேன்காரரிடம் சொன்னது இதுதான்: "பாருங்க, சிலிண்டரெல்லாம் இளைச்சுப் போச்சா, இல்லை நான்தான் பலசாலி ஆயிட்டேனா?" அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆறாவதையும் நானே வைத்தேன்.

அட்டையின் மூலையைப் பார்த்தேனா? பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று இந்த ஐந்து வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பார்த்தால் தேதி இல்லாதது தெரிந்துவிடும். தெரிந்தால் உன்னிடம் போய்ப் பேச வேண்டும். பேசினால் நான் இறங்கி வந்ததாக ஆகும். ஐந்து மணியும் தாண்டிவிடும். இவ்வளவும் ஒரு சிலிண்டரைத் தூக்கி வைக்கிற நேரத்தில் ஒருத்தியின் மண்டைக்குள் ஓடுமா என்றால், ஓடியது.

இரண்டாம் பக்கத்தில் கடைசிச் சொல் ஒன்று இருக்கிறது, முன்பு உனக்கு எழுதவில்லை. நம்பக் காரணம் இருந்தது என்பது. நான் நம்பினேனா இல்லையா என்று யாரும் கேட்கப் போவதில்லை. நம்புவதற்குப் போதுமான காரணம் என் கையில் இருந்ததா என்றுதான் கேட்பார்கள். இருந்தது. கைப்பிடியோடு இருந்தது.

அந்தச் சமையல்காரம்மா மட்டும்தான் அட்டையைப் படித்தவர். நாம் அச்சடித்தோம், கையெழுத்துப் போட்டோம், கட்டினோம். படித்து நம்பியது அவர் ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமை நீ போய் உண்மையைச் சொல். தேதி போடவில்லை, என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, குழாயடியில் இருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு போதும், நீ வெளியே இருப்பாய். குட்டிக்கு உண்மையை நீயே சொல்லிவிடு. பள்ளிக்கூடத்தில் கேட்பதைவிட உன் வாயால் கேட்கட்டும்.

அன்றைக்கு வேன்காரர் முன்னால் உன்னைப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இந்தத் தடவை கை வந்தது.

அண்ணி

*

மார்ச் 19

அண்ணிக்கு,

உங்கள் 6ஆம் தேதிக் கடிதம் நேற்றுத்தான் கையில் கிடைத்தது. ஊதா முத்திரையில் 15 என்று இருக்கிறது. வேன்காரரிடம் நீங்கள் சொன்னதன் கீழே யாரோ பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்கள். அளவுகோல் வைத்துப் போட்ட நேர்க்கோடு.

நான் 9ஆம் தேதியே போய்ச் சொல்லிவிட்டேன். ஆறும் முடிந்தது, எடை பார்த்தாயிற்று, எடுத்துப் போகலாம் என்று அண்ணியிடம் நான்தான் சொன்னேன் என்று. படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன்.

இன்று காலையில் இரண்டு பேர் வந்தார்கள். என் வாக்குமூலம் ஒரு கையில், உங்கள் கடிதத்தின் நகல் இன்னொரு கையில். இரண்டில் எது பொய் என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். நாளை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மாற்றுத்துணி எடுத்து வரச் சொன்னார்கள்.

குட்டியைச் சாயங்காலம் உங்கள் அக்கா வீட்டில் விட்டேன். நீங்கள் சொன்னபடி எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் சொன்னேன், அங்கே இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. இறங்கும்போது, "மாட்டேன்னு சொன்னியே அத்தை" என்றாள். பையை அவளே தூக்கிக்கொண்டாள். அடுத்த கம்பி இறுக்கும் தேதியை உங்கள் அக்காவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நான் உங்களுக்காகப் பொய் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் அங்கே அழ வேண்டாம். போன கடிதத்தில் தனி ஆள், குட்டிக்கு அம்மா வேண்டும் என்றெல்லாம் எழுதினேன். அதுவும் நிஜம்தான். அது மட்டும் இல்லை.

நாளைக்கு நான் சொல்லப் போவதை முதலில் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். வேன்காரர் என்னிடம் வந்து சொன்னபோது எனக்கு அது புதிது இல்லை. சிலிண்டர் இளைத்துப்போச்சு என்று நீங்கள் சொன்னது அன்றைக்கே எனக்குக் கேட்டது. இருவரும் சிரித்ததும் கேட்டது. எந்த இரண்டு என்று எனக்கு உடனே தெரிந்தது. நடுவில் ஒரு கதவுதான், நான்கு எட்டு வைத்தால் போதும். நான் மெதுவான ஆள் ஆயிற்றே, எனக்கு என்ன அவசரம், போகட்டும், குறை என்று விடுதியிலிருந்து திரும்பி வரும்போது யாருடைய லட்சணம் என்ன என்று தெரியட்டும் என்று நின்றேன். நாளைக்குப் பொடி வந்ததும் விடுதிக்கே போய் நிரப்பிவிடலாம் என்றும் நினைத்தேன். பொடி அதற்கு மறுநாள்தான் வந்தது.

போலீஸிடம் முதல் நாளே நான் சொன்னது பொய். குழாயில் அன்றைக்குத் தண்ணீரே வரவில்லை, அண்ணி.

தராசு